பவுண்டு நிலத்தை வாங்குவது யார்

அன்பு மகள் எழிலரசிக்கு அம்மா அம்சவல்லி எழுதுவது. இங்கே நானும் உன் அப்பாவும் கைகால் சுகத்தோடு நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே அந்த ஹங்கேரிக் குளிரில் நீயும் மாப்பிள்ளை இனியவனும் சளி இருமல் இல்லாமல் இருக்க நம் அம்மன் துணையிருக்க வேண்டும். கையில் போன் இருக்கும்போது இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். காரணம் இருக்கிறது. போனில் நான் ஒன்று சொல்ல ஆரம்பித்தால் நீ நடுவில் புகுந்து வேறு பேச்சுக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறாய், அதுவும் இல்லாமல் பக்கத்தில் யார் யார் நின்று கேட்கிறார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும். எதிர்வீட்டு ஷெர்லின் உங்கள் ஊர்ப் பேட்டரி கம்பெனியில் வேலைக்குச் சேர வருகிறாள் அல்லவா, அவள் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பசை போட்டு ஒட்டி, ஒட்டின இடத்தின் மேலேயே கையெழுத்துப் போட்டிருக்கிறேன். ஷெர்லின் நல்ல பெண்தான், இருந்தாலும் அந்தக் கையெழுத்து கோணாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிரி. நின்றுகொண்டே மேலோட்டமாகப் பார்க்காதே, உட்கார்ந்து கடைசி வரி வரைக்கும் படி.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. டாக்டர் பார்வை நன்றாக வந்துவிட்டது என்கிறார், இவரோ சொட்டு மருந்து போடப் போனால் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு மருந்தையெல்லாம் கன்னத்தில் வாங்குகிறார். பார்வை வந்ததில் ஒரு கஷ்டம் என்னவென்றால் குழம்பில் கிடக்கிற கடுகைக்கூட எடுத்து இது என்ன என்று கேட்கிறார். போன மழைக்கு வழக்கம்போலத் தெருவில் முழங்கால் தண்ணீர் நின்று மோட்டார் காயில் எரிந்துபோனது, ஈரம் இன்னும் சுவரை விட்டுப் போகவில்லை. மாடி ரூமில் வாடகைக்குத் தங்கமாரி இருக்கிறாள், அவளைப் பற்றித்தான் நிறைய எழுத வேண்டும், முறைப்படி வருகிறேன். நீ இரும்புச்சத்து மாத்திரையைச் சாப்பிடுகிறாயா இல்லையா. ஷெர்லினிடம் முருங்கைக்கீரைப் பொடி கொடுத்திருக்கிறேன், சுடுசோற்றில் போட்டுச் சாப்பிடு, அலமாரியில் வைத்து அழகு பார்க்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் தெருக்கோடியில் இருக்கிற மாட்டுப் பவுண்டு நிலம் உனக்கு மறந்திருக்காது. தெருவில் திரியும் மாடுகளைப் பேரூராட்சி ஆட்கள் பிடித்து அடைத்து வைத்த இடம், நீ பள்ளிக்கூடம் போகும்போது வேலிக்குள் கையை விட்டுக் கன்றுக்குட்டிகளைத் தடவிவிட்டுப் போவாய். சுற்றியிருந்த வயலெல்லாம் கம்பெனி ஆனபிறகு மாடும் இல்லை, பவுண்டும் இல்லை, தகரக் கொட்டகை சரிந்து வெறும் நிலமாகக் கிடக்கிறது. அதன் ஓரத்தில்தான் தங்கமாரி தார்ப்பாய் கட்டி இட்லிக்கடை போட்டிருந்தாள், ஹாஸ்டல் பெண்கள் கம்பெனி பஸ்ஸுக்கு அங்கேதான் நிற்கிறார்கள். அந்த நிலத்தை ஏலத்தில் விற்கப்போவதாக மழை விட்ட கையோடு பேரூராட்சியில் நோட்டீஸ் ஒட்டினார்கள். வாங்குகிறவர் கீழே கடைகளும் மேலே தொழிலாளர் விடுதியும் கட்ட வேண்டுமாம், விற்கிற பணத்தில் நம் தெருவுக்கு மழைநீர்க் கால்வாயும் சிமெண்டு ரோடும் வருமாம், இதற்குப் பெயர் குடியிருப்பு மறுசீரமைப்பாம். கால்வாய் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, முழங்கால் தண்ணீரில் நின்று சமைத்தவள் நான். ஆனால் கால்வாய் வெட்டுவது அவர்கள் கடமை, அதற்கு ஊர் நிலத்தை விற்பானேன். என்னிடம் ஒருவர் தானாக வந்து நல்லது செய்கிறேன் என்றால் அவர் போனபிறகு வீட்டில் என்னென்ன குறைகிறது என்று எண்ணிப் பார்ப்பது என் பழக்கம், உனக்கே தெரியும்.

அதனால் நான்தான் முதலில் கையெழுத்துப் போட்டு ஒரு மனு எழுதினேன். நிலத்தை விற்காதீர்கள், ஒரு பஸ் நிழற்குடையும், ஷிப்டுக்குப் போகிற தாய்மார்களுக்குக் குழந்தைகள் காப்பகமும் அங்கே கட்டுங்கள் என்று கேட்டோம். கம்பெனி காப்பகத்தில் ஆயாவாக இருந்து அதை மூடினபோது வீட்டுக்கு வந்தவள் நான், வீட்டைப் பூட்டி உள்ளே குழந்தையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களை இந்தத் தெருவிலேயே பார்க்கிறேன், அதனால் கேட்டேன். தெருவே என் பின்னால் வந்தது. கம்பெனி பஸ் ஓட்டி ரிட்டயர் ஆன இராமச்சந்திரன் அண்ணன்கூட, வாழ்நாளில் எதிலும் கையெழுத்துப் போடாதவர், இதில் போட்டார். இன்னா அம்சவல்லி, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும் என்றார். இந்த வார்த்தையை நினைவில் வைத்துக்கொள்.

அதன்பிறகுதான் இசக்கிபாண்டி என்று ஒருவன் வந்தான். வெள்ளைச் சட்டை, பக்கத்தில் வந்தால் சந்தன வாசனை, தெற்கத்திக்காரன். ஏலம் கேட்கப்போகிற ஒரு கம்பெனிக்காக வந்திருக்கிறேன் என்றான். கம்பெனி எங்கே இருக்கிறது என்றால் சிரிக்கிறான், முதலாளி யார் என்றால் நல்லவங்கம்மா என்கிறான். வீடு வீடாகப் போய் ஒங்க தெருவுக்கு நல்லதுதாம்மா செய்யுதோம், நீங்க பெரிய மனசு பண்ணணும் என்று கும்பிட்டான். எல்லார் வீட்டுக்கும் மைசூர்பாக்கு கொடுத்தவன் எனக்கு மட்டும் காராபூந்திப் பொட்டலம் கொடுத்தான். எனக்குச் சர்க்கரை என்று இவனுக்கு யார் சொன்னது? அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் குப்பையில் போட்டேன், உன் அப்பா எடுத்துத் தின்றார் என்பது வேறு கதை.

அடுத்து நடந்ததைக் கேள். இராமச்சந்திரன் அண்ணன் என்னிடம் வந்து, லாரியெல்லாம் வந்து நின்னுச்சுன்னா நம்ம தெருக்காரங்க வண்டிய எங்க வுடறது என்று கவலைப்பட்டார். அது எங்கள் இரண்டு பேருக்குள் நடந்த பேச்சு. இரண்டு நாள் கழித்து இசக்கிபாண்டி நேராக அவர் வீட்டுக்குப் போய், கட்டடத்துக்கு அடியில் தெருக்காரர்களுக்கே வண்டி நிறுத்த இடம் விடுகிறோம் என்கிறான். அவர் குரல் இறங்கிவிட்டது. பிறகு நாங்கள் பெண்கள் மட்டும் என் சமையல்கட்டில் உட்கார்ந்து, திங்கட்கிழமை மனுநீதி நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போவது என்று முடிவு செய்தோம். வீட்டு ஆண்களிடம்கூடச் சொல்லக் கூடாது என்று பேச்சு. திங்கட்கிழமை விடிந்ததும் பேரூராட்சியிலிருந்து ஆட்கள் வந்து, நீங்கள் ஏன் அவ்வளவு தூரம் அலைகிறீர்கள், தெருவிலேயே கூட்டம் போட்டுக் கேட்டுக்கொள்கிறோம் என்று நாள் குறித்துவிட்டுப் போகிறார்கள். பாதிப் பேர் வேலைக்குக் கிளம்பிவிட்டார்கள், பயணம் கலைந்துபோனது. எனக்குள் புகைய ஆரம்பித்தது. நம் ஆட்களில் யாரோ ஒருத்தி இசக்கிபாண்டிக்கு ஒன்று விடாமல் சொல்லுகிறாள், அது யார் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன்.

என் புத்தி போய் நின்ற இடம் தங்கமாரி. அண்ணன் பேசினது நம் வாசலில், மாடி வரைக்கும் கேட்கும், சமையல்கட்டில் பேசின அன்றைக்கும் மாவு வழித்துக்கொண்டு அவளும் இருந்தாள். இசக்கிபாண்டி அவள் கடையில்தான் இட்லி தின்றான், இரண்டு பேரும் தூத்துக்குடிப் பக்கம், சிரித்துப் பேசிக்கொண்டதை நானே பார்த்தேன். எனக்கு அது போதுமாக இருந்தது. தண்ணீர் லாரி வந்து தெருப் பெண்கள் எல்லாம் குடத்தோடு நிற்கும்போது அவளை நிறுத்தி, உன் ஊர்க்காரன் என்றதும் எங்கள் வாயைப் பிடுங்கி அவனிடம் விற்றாயா என்று கேட்டேன். அவள் முகம் வெளுத்துப்போய், அக்கா, நான் எதுக்குக்கா போய்ச் சொல்லப்போறேன், அந்த எடம் போச்சுன்னா மொதல்ல அடுப்பு அணையுறது எனக்குல்லா, என் அடுப்புல நானே தண்ணிய ஊத்துவேனா என்றாள். நியாயமான பேச்சுதான். ஆனால் கோபத்தில் இருக்கிறவள் காதில் நியாயம் ஏறுமா. நான் விடவில்லை, என்னோடு சேர்ந்து மற்றவர்களும் பேசினார்கள். மறுநாளிலிருந்து அவள் கடைக்கு நம் தெரு ஆட்கள் யாரும் போகவில்லை, ஹாஸ்டல் பெண்களிடமும் சொல்லிவிட்டார்கள். தார்ப்பாயைச் சுருட்டி மாடியில் போட்டுவிட்டாள். இந்த மாதக் கடைசியில் ரூமைக் காலி செய்துகொண்டு, வேறு கம்பெனிகள் இருக்கிற வல்லம் வடகால் பக்கம் போய்விடப்போகிறாளாம். என்னைத் தாண்டித்தான் படி ஏறுகிறாள், என் பக்கம் திரும்புவதில்லை.

இதற்குப் பிறகு ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பால் வாங்கப் போனேன். பவுண்டு நிலத்தில் புதிதாக அளவுக்கல் நட்டிருந்தார்கள். அது ஆச்சரியமில்லை, ஏலம் கேட்கிறவர்கள் அளந்து பார்ப்பார்கள். ஈசானிய மூலையில் ஒரு வாழையிலை, அதில் மடித்த மஞ்சள் புடவை, மல்லிகைச் சரம், வெற்றிலை பாக்கு. அதுவும் ஆச்சரியமில்லை, நம் பக்கத்தில் பூவாடைக்காரிக்குப் படைக்காமல் யார் எதைத் தொடங்குகிறார்கள். ஆனால் இலைக்குப் பக்கத்தில் காலி பன்னீர் சோடா பாட்டில், சுற்றிலும் மண்ணில் ஊற்றின ஈரம், பன்னீர் வாசனை. எனக்குக் கால் அங்கேயே நின்றுவிட்டது. சுமங்கலியாகச் செத்த பெண் எல்லார் வீட்டிலும் பூவாடைக்காரியாக வருகிறாள், அவளுக்குப் பிடித்ததை வைத்துப் படைக்கிறார்கள். ஆனால் பன்னீர் சோடா கேட்கிற பூவாடைக்காரி இந்த உலகத்திலேயே நம் கிளியம்மாள் ஒருத்திதான். உன் அத்தை முதல் பிரசவத்தில் போவதற்கு முன்னால் கடைசியாகக் கேட்டது அது, வாங்கி வருவதற்குள் போய்விட்டாள், அன்றிலிருந்து நம் வீட்டில் கிணறு வெட்டினாலும் கல்யாணம் என்றாலும் முதலில் அவளுக்கு சோடா உடைத்து மூன்று சுற்று ஊற்றுகிறோம். நீ விமானம் ஏறின அன்றைக்கும் ஊற்றினோம். பஸ்ஸுக்கு நின்ற ஒரு பெண்ணிடம் இதை யார் செய்தது என்று கேட்டேன். வெள்ளைச் சட்டைக்காரர்தான், போனைப் பார்த்துப் பார்த்துச் செய்தார், ஊற்றத் தெரியாமல் பேண்ட்டில் பாதி ஊற்றிக்கொண்டார் என்று சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வாங்கப்போவது நம் வீட்டு ஆள். இது அன்றைக்கு எனக்கு உறுதியாகிவிட்டது. முதலில் உன் சித்தப்பா நயினாரைத்தான் சந்தேகப்பட்டேன், ரியல் எஸ்டேட்காரர்களோடு அவருக்குப் பழக்கம் உண்டு. அப்பாவிடம் கோயிலுக்கு என்று சொல்லிவிட்டு வாலாஜாபாத்துக்கு பஸ் ஏறினேன். கேட்டதும் அவர் கோபப்படவில்லை, சிரித்தார். இன்னா அண்ணி நீங்க, நான் வாங்கறதா இருந்தா நானே வந்து எங்க அக்காவுக்கு சோடா ஒடச்சி ஊத்தியிருக்க மாட்டேனா, பஸ் ஏறுனா வந்துடற தூரம், இதுக்குப் போயி ஆளு வெப்பேனா, ஊர்ல இல்லாதவங்கதான் ஆளு வெப்பாங்க என்றார். சொல்லிவிட்டு அவரே என் முகத்தைப் பார்த்தார். எனக்குக் காபி போடச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவை எதிரில் உட்காரவைத்தேன். பவுண்டு நிலத்தில் யார் படையல் போட்டது, உங்களுக்குத் தெரியுமா என்று மட்டும்தான் கேட்டேன். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஒண்ணியும் தெரியாது, எதுவா இருந்தாலும் கொழந்தையாண்ட கேட்டுக்கோ என்றார். குழந்தை என்று அவர் சொல்வது உன்னைத்தான், உன் பேச்சையே நான் எடுக்கவில்லையே, எழில். பொய் சொல்லத் தெரியாத மனிதரிடம் போய் ரகசியம் கொடுத்திருக்கிறாய். அதன்பிறகு அவர் தானாகவே சொட்டு மருந்தை எடுத்து வந்து நீட்டினார், அதற்கு மேல் எனக்கு ஆதாரம் வேண்டுமா.

அன்றைக்குத்தான் எனக்கு எல்லாம் வரிசையாக விளங்கியது. உனக்கு மதியச் சாப்பாட்டு வேளை, எனக்குச் சாயங்காலம், நீ தினமும் போன் செய்வாய். தெருவில் இன்னும் என்னம்மா சொல்லுகிறார்கள், யார் யார் எதிர்க்கிறார்கள், எதற்காக எதிர்க்கிறார்கள் என்று அக்கறையாகக் கேட்பாய். இத்தனை வருஷம் இல்லாமல் பிள்ளைக்கு நம் தெருமேல் பாசம் வந்துவிட்டதே என்று நான் பூரித்துப்போய் இராமச்சந்திரன் அண்ணன் கவலையையும் சொன்னேன், கலெக்டர் ஆபீஸ் பயணத்தையும் சொன்னேன். விடாதேம்மா, தைரியமாக நில் என்றுகூடச் சொன்னாய். தெருவின் வாயைப் பிடுங்கி விற்றது தங்கமாரி இல்லை. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து ஒப்பித்தது நான். என் மகளிடம் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஏலம் கேட்கிற பார்ட்டியிடம் பேசியிருக்கிறேன்.

நீ ஏன் இப்படிச் செய்தாய் என்று நானே உனக்காகப் பல காரணம் யோசித்துப் பார்த்தேன். ஒருநாள் ஊருக்கே திரும்பிவர வேண்டும், வந்து நிற்க ஒரு தொழில் வேண்டும் என்று நினைத்திருப்பாய். வாங்கி முடித்துவிட்டு அம்மாவுக்குத் திடீரென்று காட்டி சந்தோஷப்படுத்தலாம் என்று நினைத்திருப்பாய். வண்டி நிறுத்த இடம் விடுகிறேன் என்றதைப் பார்த்தால் நீ தெருவுக்குக் கெடுதல் நினைக்கவில்லை என்றுகூடத் தோன்றுகிறது. இதில் மாப்பிள்ளை யோசனை எவ்வளவு, உன் யோசனை எவ்வளவு என்று நான் கேட்கப்போவதில்லை, சந்தேகம் மட்டும் இருக்கிறது. நீ நிலம் வாங்கக் கூடாது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை, உன் உழைப்பு, உன் காசு. ஆனால் பெற்றவளை எதிர்க்கட்சியாக நிறுத்திவைத்து, அவளிடமே வேவு கேட்டு வாங்குவது எனக்கு வலிக்கிறது. நேராகக் கேட்டிருந்தால் நான் உன்னோடு சண்டை போட்டிருப்பேன், அவ்வளவுதானே. நம் வீட்டுக்குச் சண்டை என்ன புதிதா.

ஷெர்லின் உன்னிடம் வந்து சேர்ந்தபிறகு வருகிற ஞாயிற்றுக்கிழமை தெருவில் கூட்டம். பேரூராட்சி அதிகாரி வருகிறார், இசக்கிபாண்டியும் வருவான். முதலில் பேசப்போவது நான்தான் என்று முடிவாகியிருக்கிறது. உன் அப்பா பாவம், பேசாமல் இருந்துவிடேன், ஏலம் முடிஞ்சா தானா அடங்கிடும், யாருக்குத் தெரியப்போவுது என்று இரண்டு நாளாகக் கெஞ்சுகிறார். எனக்கும் அந்த ஆசை வராமல் இல்லை. என் சொல்லை நம்பிக் கையெழுத்துப் போட்டவர்கள் முன்னால், வாங்குகிறது என் மகள்தான் என்று சொன்னால் இந்தத் தெரு என்னை எப்படிப் பார்க்கும் என்று எனக்குத் தெரியும். வாசலில் மனு எழுதினாள், கொல்லை வழியாக வாங்கினாள் என்பார்கள். நான் பேசாமல் இருந்தால் எனக்கு ஒன்றும் ஆகாது, உனக்கும் ஒன்றும் ஆகாது. மாடியில் இருக்கிறவள்தான் காட்டிக்கொடுத்தவள் என்ற பெயரோடு பாத்திரங்களைக் கட்டிக்கொண்டு போவாள். போகிற இடத்திலும் இந்தப் பெயர் அவளுக்கு முன்னாலேயே போய் நிற்கும், ஹாஸ்டல் பெண்கள் எல்லாக் கம்பெனியிலும் இருக்கிறார்கள்.

அவளைப் பேசினது தெருவின் நடுவில். அவளிடம் மன்னிப்புக் கேட்பதும் தெருவின் நடுவில்தான் இருக்க வேண்டும், சமையல்கட்டில் கூப்பிட்டுக் காதில் சொன்னால் செல்லாது. அவள் சொல்லவில்லை என்றால் பின்னே யார் சொன்னது என்று கூட்டம் கேட்கும். உன் பெயரைச் சொல்லாமல் எனக்கு அவளிடம் மன்னிப்புக் கேட்க வழியில்லை, எழில். நானும் எல்லாப் பக்கமும் யோசித்துப் பார்த்துவிட்டேன். ஏலத்தில் நீ நில், விலகு, அது உன் இஷ்டம், நிற்பதாக இருந்தால் உன் பெயரில் நில், நான் எதிரில் நின்று காப்பகம்தான் வேண்டும் என்று கேட்பேன். ஆனால் ஞாயிற்றுக்கிழமை உன் பெயரைச் சொல்லப்போகிறேன். தெரியாமல் செய்ததாக இருக்கக் கூடாது என்றுதான் முன்கூட்டியே எழுதுகிறேன்.

குளிரில் வெறுங்காலோடு தரையில் நடக்காதே. இரவில் தலைக்கு ஊற்றிக்கொள்ளாதே. மாப்பிள்ளைக்கு என் ஆசீர்வாதத்தைச் சொல், அவர் வீட்டாரையும் விசாரித்ததாகச் சொல். கோபமாக எழுதினாலும் உன்னைத் திட்டி ஒரு வார்த்தை எழுத எனக்கு வரவில்லை, நீங்கள் இரண்டு பேரும் குறையில்லாமல் தழைத்து நல்லபடியாக இருக்க வேண்டும், அதைத்தான் தினமும் விளக்கேற்றும்போது கேட்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே. இந்தக் காகிதத்தின் பின்பக்கம் தங்கமாரியின் நம்பரை எழுதியிருக்கிறேன். முதலில் அவளைக் கூப்பிட்டுப் பேசு. எனக்கு அப்புறம் செய்தால் போதும்.

இப்படிக்கு,
உன் நன்மையை மட்டுமே நினைக்கும்
அம்மா
சு. அம்சவல்லி